ஒரு காம்பராவில் இரு பூனைகள்

ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், பூனை நடமாடாத லயன் அரிது. அரிசிக்கு எலி பகை. ஆதலின் பூனை அங்கே காவற்காரன்.

உடன்பிறந்த இரு பூனைகளை எண்ணிப் பாருங்கள். அடுப்படிச் சூட்டில் ஒன்றையொன்று அணைத்து உறங்கியவை. ஒன்றின் காலில் புண் உண்டாக, வீட்டார் அதைக் கூடையிலிட்டுப் பட்டணத்து மிருக வைத்தியரிடம் காட்டி, மாலையில் திரும்புகின்றனர். கூடை திறந்ததும் வீட்டிலிருந்த பூனை சீறிப் பாய்கிறது, மயிர் பறக்கிறது. சாக்கொன்றை எடுத்துவந்து, "ஒன்றை இதிலே கட்டி மலைக்கு அப்பால் விட்டு வாருங்கள்" என்கிறாள் கிழவி. பேத்தி அழுகிறாள்.

வாயில்லாப் பிராணி செய்த குற்றந்தான் யாது? குற்றம் மணத்தினுடையது. பூனை தன் உறவை மணத்தாலேயே பெரிதும் அறிகிறது. கன்னத்தை உராய்ந்தும் உடலைத் தேய்த்தும் ஒரு வீட்டுப் பூனைகள் பொதுமணம் ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றன. மருந்து நெடி அதனை மறைத்துவிட்டால், திரும்பி வந்தது அந்நியனே. அந்நியனைப் பொறுப்பது பூனையின் பரம்பரைக் குணமன்று. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடுவது. நம் மலைநாட்டு நீரோடைகளை நாடும் மீன்பிடிப் பூனையும் அத்தகையதே.

அடிப்பதால் அச்சமும் சண்டையும் மிகுமேயன்றிக் குறையா. நடுவே கையை நீட்டுவதோ பேதைமை. பலகையொன்றை இடையிட்டுப் பிரிக்கலாம். கடிபட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விசர்நோய் நாயால் மட்டும் வருவதன்று.

வந்த பூனையைச் சமையற்கட்டில் தனியே அடைத்து வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதற்கு விரியுங்கள். மூடிய கதவின் இருபுறமும் உணவு வையுங்கள். சீற்றமின்றி இரண்டும் உண்ணத் தொடங்கிய பின்னரே கதவு சிறிது திறக்கட்டும். சில நாளிலும் இணங்கலாம். பல வாரமும் ஆகலாம். ஆண்பூனைகளாயின், மிருக வைத்தியரைக்கொண்டு நலமடித்துவிட்டால் சண்டை பெரிதும் தணியும்.

பழைய லயன் அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. மனிதரே நெருங்கி வாழுமிடத்தில் பூனைக்கு இடமேது என்பீர்கள். நியாயமான கேள்விதான். தரையில் இல்லாத இடம் சுவரில் உண்டு. ஏறி ஒதுங்க வழியுள்ள பூனை எதிர்த்து நிற்பது குறைவு. உணவுத் தட்டுகளையும் அருகருகே வையாமல் வெவ்வேறு மூலைகளில் வைத்தல் நன்று. ஒன்று வாயிலிலே அமர்ந்து மற்றதை முறைத்து வழிமறித்தால், அதுவும் சத்தமில்லாத சண்டையே. சுவரிலே உயரமாக ஒரு பலகை அடித்து, கிழவி எடுத்துவந்த அந்தச் சாக்கையே அதன்மேல் விரித்துவிடலாம்.