நூல் நுனியை ஒளித்தல்
(மகளிர் பிரிவின் கைவேலை வகுப்புத் தொடக்கத்தில் நிகழ்த்திய உரை)

 

குறோசே பின்னலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பின்னத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி முதல் ஊரில் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் தையல் ஒரு பாடம்தானே. ஆகவே பூப்போடுவதை விட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சுகிற நூல் நுனியைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். அதென்ன பெரிய விசயம் எண்டு நினைப்பீங்கள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

வேலை செய்ய அனுமதியில்லாமல் அகதி ஹைமில் இருந்த காலத்தில், பொழுது போகாமல் பின்னினேன். பக்கத்து அறையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு சோடி காலுறை பின்னிக் கொடுத்தேன். முடிவில் ஒரு முடிச்சு, ஒட்ட ஒரு வெட்டு, வேலை முடிஞ்சுது. இரண்டு கிழமையில் முடிச்சுக் கழன்று நூல் உள்ளுக்குள் தொங்கியிருக்குது. பிள்ளை காலை உதைக்க உதைக்க அது ஒரு விரலைச் சுற்றி இறுகிவிட்டது. இராத்திரி முழுக்க விடாத அழுகை. தாய் காலுறையைக் கழற்றிப் பார்த்தால், விரல் வீங்கிச் சிவந்து கிடக்குது. நல்ல காலம், டொக்டர் நூலை வெட்டி எடுத்தார். இரத்தம் ஓடாமல் கனநேரம் நின்றிருந்தால் விரலே போயிருக்கும். அந்தத் தாய் என்னை ஒரு சொல் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

பிறகு வயதான ஜேர்மன் அம்மா ஒருவர் சரியான முறையைக் காட்டித் தந்தார். இதை அவர்கள் 'ஃபெர்நேயென்' என்பார்கள். முடிக்கும்போது 15 சென்ரிமீற்றர் நூலாவது விட்டு வெட்டுங்கள். நூலை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறதுதான் எங்கட ஆக்கள் விடுகிற பிழை. கடைசிக் கண்ணிக்குள்ளால் நூலை இழுத்து இறுக்கி, முனை மழுங்கிய பெரிய ஊசியில் கோருங்கள். பின்பக்கத்தில் நாலைந்து சென்ரிமீற்றர் ஒரு பக்கமாக ஓட்டுங்கள். பிறகு ஒரு இழையைத் தாண்டி, வந்த வழியே திருப்பி ஓட்டுங்கள். அந்த ஒரு இழையைத் தாண்டாவிட்டால், ஓட்டின நூல் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். பருத்தி நூல் வழுக்கும். அதற்கு மூன்றாம் தரமும் திரும்ப வேண்டும். ஆட்டுக் கம்பளி தன்பாட்டில் பிடித்துக்கொள்ளும்.

நிறம் மாற்றினால் அந்தந்த நிறத்துக்குள்ளேயே ஒளியுங்கள். வெள்ளைக்குள் சிவப்பை ஓட்டினால் முன்பக்கம் தெரியும். மிச்ச நூலை வெட்ட முதல், பின்னலை நாலு பக்கமும் இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலிலேயே நுனி எட்டிப் பார்க்கும். சிலர் நுனியை வைத்து அதன் மேலேயே பின்னிக்கொண்டு போவினம். சுகமான வழிதான், மேசை விரிப்புக்குப் போதும். ஆனால் நூல் ஒரே நேராகக் கிடப்பதால், இழுபட்டால் வெளியே வரும். குழந்தைச் சாமானுக்கு நான் அதை நம்பமாட்டேன். இப்போது எதைப் பின்னினாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரலால் தடவிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

அம்மா ஊரில் பின்னிய மேசை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். தேத்தண்ணி நேரம் எல்லாரும் பாருங்கோ. அதில் நூல் எந்த இடத்தில் முடிஞ்சுது எண்டு நான் இன்னும் கண்டுபிடிக்கேல்லை. கண்டுபிடிக்கிற ஆளுக்கு என்ர பங்குப் பயத்தம் பணியாரம். ஊசியும் நூலும் பின்மேசையில் இருக்குது.