ஒட்டுப்போட்ட கழுத்து

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேலம் கோட்டை ரோடு, பெரியேரியில் இருக்கிற சிலைக்குத் தலைவெட்டி முனியப்பன் என்று பேர். பேரைக் கவனிங்க. வெட்டுப்பட்டது அவர் தலை. ஆனா கேட்கிறவனுக்கு அவர்தான் யார் தலையையோ வெட்டின மாதிரி இருக்கும். நம்ம தெருவுல அடிவாங்கினவன் மேலேயே கவுண்டர் கேஸ் போடுவானே, அது மாதிரி.

இது புத்தர் என்று 2011இல் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் தொல்லியல் குழு போய்ப் பார்த்தது. தாமரைப் பீடம், தியான முத்திரை, நீண்ட காதுமடல், சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம். எல்லாம் கல்லிலேயே இருந்தது. கழுத்தில் மட்டும் சிமெண்டும் சுண்ணாம்பும்: துண்டான தலையை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இது புத்தர்தான், தொல்லியல் துறை பொறுப்பேற்றுப் பலகை வைக்கணும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது.

சந்தோஷம். ஆனா கழுத்தை என்ன செய்வது? வெட்டே தெரியாமப் புதுசாக்கிடலாம் என்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிமெண்டை எடுக்கத்தான் வேணும். அதிலிருக்கும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் இறங்கிப் பொரியவைக்கும். கற்சிற்பத்தைச் சீர்செய்யத் தெரிந்தவர்கள், பின்னாளில் பிரிக்க முடிகிற ஒட்டாகப் போடட்டும். ஆனால் வெட்டுக்கோடு கண்ணுக்குத் தெரியணும். பழுதுபார்த்த இடம் பழசிலிருந்து வேறாகத் தெரியணும், இல்லாவிட்டால் வரலாற்றைப் பொய்யாக்கியதாகும் என்று 1964 வெனிஸ் சாசனமே சொல்கிறது. வெட்டை மறைத்தால் யாருக்கு லாபம்? வெட்டினவனுக்குத்தான்.

இன்னொன்று. ஒட்டினது யார்? நம் எதிரி என்று எனக்குத் தோணலை. உடைச்சவன் ஒட்டமாட்டான். அந்தச் சிலைமேல் பிரியம் வைத்த யாரோ ஒரு மனுசன்தான் கையில் கிடைத்த கலவையைக் குழைத்து வைத்திருக்கணும். முனியப்பா என்று கும்பிட்டவர்கள் இல்லாவிட்டால் அது எப்பவோ துணி துவைக்கிற கல்லாகியிருக்கும். சாக்கியமுனியின் பேரில் பாதியையாவது அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நாளைக்கு அவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நாம் மட்டும் உள்ளே போனால், அது என்ன மீட்பு?

அதனால் துறைக்கு ஒரு மனு கொடுக்கலாம். பலகையில் புத்தர் என்பதோடு தலைவெட்டி முனியப்பன் என்கிற பேரும், தலை துண்டிக்கப்பட்டது என்கிற சேதியும் இருக்கணும். சுரண்டியெடுக்கிற சிமெண்டில் ஒரு துண்டைத் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் வைக்கணும். மனுவை நானே எழுதித் தர்றேன், குமாஸ்தா வேலைதானே பார்க்கிறேன். கையெழுத்து நீங்க போடணும். பெரியேரிக்காரர்களிடமும் வாங்கணும்.