கண்காணிக்கப்படாதவர்கள்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வருங்காலம் பொன்னுலகமாக அமையும் என்று கனவு கண்டு எழுதப்பட்ட நூல்கள் பல. அது சிறைக்கூடமாக மாறினால் என்னாகும் என்று எண்ணி எழுதப்பட்டவை இருபதாம் நூற்றாண்டில் பெருகின. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட புதினத்தில் மக்கள் இன்பத்தாலேயே அடிமையாக்கப்படுகின்றனர். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' என்னும் 1953-ஆம் ஆண்டுப் புதினத்தில் தீயணைக்க வேண்டியவர்களே நூல்களுக்குத் தீயிடுகின்றனர். அதனை 1966-இல் திரைப்படமாக்கிய பிரெஞ்சு இயக்குநர் துருஃபோ, கலைஞர்களின் பெயர்களை எழுத்தில் காட்டாது குரலால் ஒலிக்கச் செய்தார். படிப்பே குற்றமாகிவிட்ட உலகில் எழுத்து ஏது? படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்பது நம் கருத்து.

எனினும் நாம் விரித்துரைக்க விழைவது ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' என்னும் புதினத்தையே ஆகும். ஆர்வெல் பீகாரிலுள்ள மோதிஹாரியில் 1903-இல் பிறந்தவர். பர்மாவில் ஆங்கில அரசின் காவல்துறையில் பணியாற்றியவர். அடக்கி ஆளும் வேலை எத்தகையது என்பதை உள்ளிருந்தே கண்டவர். இப்புதினத்தை மைக்கேல் ராட்ஃபோர்ட் அதே 1984-ஆம் ஆண்டில் படமாக்கினார். ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த இறுதித் திரைப்படமும் அதுவே.

இந்நூலின் பெயரைக் கேட்டவுடன் 'பெரிய அண்ணன்' உங்கள் நினைவுக்கு வருவார். வீட்டுச் சுவரிலிருந்து உற்றுநோக்கும் தொலைத்திரை, முகக்குறியைக்கூடக் குற்றமாகக் கொள்ளும் சிந்தனைக் காவலர் ஆகியவை பற்றிப் பலரும் பேசியுள்ளனர். ஆனால் அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 85 பேர் வீட்டில் பெரும்பாலும் தொலைத்திரையே இல்லை! அவர்கள் உழைக்கும் மக்கள். பன்னிரண்டு வயதில் வேலைக்குச் செல்பவர்கள். அவர்களுக்கெனப் பாடல்களை ஓர் எந்திரம் இயற்றுகிறது. லாட்டரிச் சீட்டு உண்டு. பெரும்பரிசு பெறுவோரோ இல்லாத மனிதர்கள். அறிவுக்கூர்மையுடன் எவரேனும் தலைதூக்கினால் மட்டும் காவலர் வந்து அவரை ஒழித்துவிடுவர். ஏனையோர் என்ன பேசினாலும் கட்சிக்குக் கவலையில்லை.

இதனை விடுதலை என்று சொல்லலாமா? ஒருவனை வேவு பார்க்கவும் அவனை மனிதனாக மதித்தாக வேண்டும். அந்த மதிப்பும் அவர்களுக்கு இல்லை. திரைப்படங்கள் பெரும்பாலும் வேவு பார்க்கப்படுபவனையே பின்தொடர்கின்றன. அவனிடம்தானே கதை இருக்கிறது! மதிக்கப்படாதவனின் கதையை எடுப்பார் யார்?

கதைத்தலைவன் வின்ஸ்டன் பழைய செய்தித்தாள்களைத் திருத்திப் பொய்யாக்கும் அலுவலகத்தில் எழுத்தர். ஒருநாள் உழைப்பாளர் குடியிருப்பிலுள்ள மதுக்கடைக்குச் சென்று ஒரு முதியவரைக் காண்கிறான். அம்முதியவர் ஒரு 'பைண்ட்' பீர் கேட்கிறார். லிட்டரும் அரை லிட்டரும் மட்டுமே அறிந்த இளைஞனான கடைக்காரனுக்கு அச்சொல்லே தெரியவில்லை. அரை லிட்டர் போதாது, ஒரு லிட்டர் மிகுதி என்று முதியவர் சலித்துக்கொள்கிறார். தம் தேவைக்குரிய அளவையும் அதன் பெயரையும் இழந்தவரின் சலிப்பு அது.

புரட்சிக்கு முன் வாழ்க்கை மேலாக இருந்ததா, தாழ்வாக இருந்ததா என்று வின்ஸ்டன் வினவுகிறான். செல்வர்கள் ஏழைகளை நடைபாதையிலிருந்து தள்ளிவிடுவார்களாமே என்றும் கேட்கிறான். முதியவருக்கு ஒருநாள் நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கிறது. படகுப் போட்டி நடந்த இரவு, ஷாஃப்ட்ஸ்பரி சாலை, குடிபோதையில் வந்த செல்வ வாலிபன் ஒருவன். நடைபாதையை விலைக்கு வாங்கிவிட்டாயா என்று இவர் கேட்டுவிட, அவன் மார்பில் கைவைத்துத் தள்ளுகிறான். பேருந்துச் சக்கரத்தின் அடியில் விழாமல் மயிரிழையில் தப்புகிறார்.

வின்ஸ்டனுக்கு ஏமாற்றம். பயனற்ற துணுக்குகளின் குப்பையாகவே அம்முதியவரின் நினைவு அவனுக்குத் தோன்றுகிறது. ஆர்வெலும் அவ்வாறே கருதினார் போலும்! இவ்விடத்தில் நாம் அவருடன் உடன்படவில்லை.

அந்நாளில் வாழ்க்கை எவ்வாறு இருந்தது என்று நம் பாட்டன்மாரைக் கேட்டபோது அவர்களும் புள்ளிவிவரம் கூறினார்களில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தெருவைக் கடந்த ஒரு நாளைக் கூறினார்கள். அன்று எதிரே வந்தவர் யார், அவர் தோளில் கிடந்த துண்டின் நிறம் யாது என்பதையும் கூறினார்கள். பி.எட். பயின்ற காலத்தில் இப்புதினத்தை முதன்முதல் படித்த நாமும், வின்ஸ்டனைப் போலவே அம்முதியவரைப் பொருட்படுத்தாமல் பக்கத்தைப் புரட்டியவர்தாம். வின்ஸ்டன் கேட்ட வினாவுக்கு விடை வந்துவிட்டது. தாளில் வரலாற்றைத் திருத்திப் பழகிய அவன் செவிக்கு அது விடையாகப் படவில்லை.

முதற்பாகத்தின் எட்டாம் அதிகாரத்தில் இந்நிகழ்ச்சி வருகிறது. மேல்வகுப்பு மாணவர்கள் இப்பகுதியையேனும் ஆங்கிலத்திலேயே படித்து, அம்முதியவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருவார்களாயின், அமர்ந்து படித்துப் பேச நாம் ஆயத்தமாக உள்ளோம்.