விஞ்ஞானமாணிப் பட்டமும் வாகரை மாணவனும்

வாகரையிலிருந்து பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து, வாழைச்சேனை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம் அங்கேதான் இருக்கின்றது. பேருந்தில் போய்வரும் தூரமே. ஆயினும், விஞ்ஞானமாணிப் பட்டத்தை நாடும் வாகரை மாணவனுக்கு அவ்வழி நெடியது.

பட்டத்துக்கு வேண்டுவன யாவை? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட்டுகள்; நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, ஆய்வுகூடம், சுயகற்றல் அனைத்தும் சேர்ந்த 50 மணி நேர உழைப்பாகும். உயர்தரம் வரை தமிழில் கற்றவர் இங்கு ஆங்கிலத்தில் கற்கவேண்டும். அது எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத பாடம்!

இவையெல்லாம் உள்ளே நுழைந்த பின்னர் வருவன. நுழைவாயிலோ பதினாறு வயதளவிலேயே தீர்மானமாகிவிடுகின்றது. உயர்தரத்தில் இரசாயனவியலும் பௌதிகவியலும், அவற்றோடு இணைந்த கணிதமோ உயிரியலோ கற்க வாய்ப்பில்லாத மாணவனுக்கு விஞ்ஞான பீடத்தின் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.

அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. மட்டக்களப்பும் பின்தங்கிய மாவட்டமே. ஆனால் பங்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகின்றது. நகரத்துப் பெரிய பாடசாலையில் பயின்றவனும் வாகரைக் கரையில் பயின்றவனும் ஒரே பட்டியலில், ஒரே இசட் புள்ளியால் நிறுக்கப்படுகின்றனர்.