குறைமாசப் பிள்ளையின் இழுப்பு



"கொறமாசத்துல பொறந்தது டாக்டர், பெட்டியில வச்சிருந்தோம். இப்ப அஞ்சு வயசு. ராத்திரியானா இழுக்குது." தங்கச்சிமடம், மண்டபம், சாயல்குடி என்று எங்கிருந்து வரும் தாயானாலும், இந்தப் பேச்சில் நான் காது கொடுப்பது முதல் வார்த்தைக்குத்தான். பல பேர் அதைச் சொல்வதே இல்லை. அஞ்சு வருசத்துக்கு முந்தின கதை இப்போது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கதைதான் வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நுரையீரலின் காற்றறைகள் முழுதாய் உருவாகியிருக்காது. அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதாது என்பதை 1959இல் மருத்துவர் மேரி எலன் ஏவரி கண்டறிந்தார். உயிரைக் காத்த ஆக்சிஜனும் மூச்சுக் கருவியுமே அந்தப் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கிவிடுவதை 1967இல் மருத்துவர் நார்த்வே எழுதினார். இப்படி வளர்ந்த பிள்ளையின் இழுப்பு ஆஸ்துமா மாதிரியே கேட்கும். ஆனால் மூச்சுக்குழாய் பிறவியிலிருந்தே குறுகலாக இருக்கலாம். ஒவ்வாமை வீக்கம் இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஸ்டீராய்டு பஃப் சில பிள்ளைகளுக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கார்டிஃபில் 53 பிள்ளைகளிடம் 12 வாரம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் தெளிவான பலன் தெரிந்தது.

ஆகவே, பஃப் எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள். பலன் இருந்தால் அளவைக் குறைத்துப் பார்ப்போம். இல்லையென்றால் வேறு வழி பார்ப்போம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வருசக்கணக்கில் கேட்காமல் தொடரவும் வேண்டாம். "பஃப் பழகிடும்" என்று பயப்படுகிறீர்கள். பழகாது. 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை என்றால் 5,000 மைக்ரோகிராம்; ஒரு பஃப்பில் பெரும்பாலும் 100 அல்லது 200தான். முதல் வருசத்தில் உயரம் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம். அதனால்தான் வரும்போதெல்லாம் பிள்ளையை அளக்கிறோம்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: பஃப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குடுவையான ஸ்பேசர். பஃப்பை நேராக வாயில் அடித்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். ஸ்பேசரில் மாட்டி, குலுக்கி, ஒரே ஒரு அடி. பிள்ளை நிதானமாக ஐந்தாறு முறை மூச்சு விடட்டும். அடுத்த அடிக்கு மறுபடி குலுக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளிக்கணும். மாஸ்க் போடும் சின்னப் பிள்ளைக்கு முகத்தைத் துடைத்துவிடணும். அழும்போது போட்டால் மருந்து உள்ளே போகாது தாயே, சிரிக்க வைத்துப் போடுங்கள்.

ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் பஃப் வாய்க்கு அளவாக ஓட்டை போட்டு ஒட்டினால், அதுவும் ஈடாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர் ஹீதர் சார் 1999இல் காட்டினார். பாம்பன் படகுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வலை பின்னும் கையல்லவா, கம்பியைச் சுட வைத்து அவர் போட்ட ஓட்டையில் காற்று கசியவே இல்லை! மகள் பாட்டில் வாயை உதட்டால் கவ்வி மூச்சிழுத்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, கரிமூட்டப் புகை, முண்டு மிளகாய் காயும் களத்துத் தூசி, வீட்டில் பீடி, இவற்றிலிருந்து பிள்ளையைத் தள்ளி வையுங்கள். விலாவுக்கு இடையே குழி விழுந்தாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108. அடுத்த முறை வரும்போது, பிரசவ ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் பஃப்பையும் ஸ்பேசரையும் பையில் போட்டு எடுத்து வருவீர்கள் என்று நம்புகிறேன்.