யௌவனரும் இணைய வாசலும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உபந்நியாசம்)



நம் முன்னோர் வீட்டுக்குத் திண்ணை, கூடம், உள்ளறை என்று வகுத்துக் கட்டினர். வழிப்போக்கனுக்குத் திண்ணை, அறிந்தவர்க்குக் கூடம், குடும்பத்தார்க்கே உள்ளறை. இன்று நம் பிள்ளைகளின் கையிலுள்ள செல்பேசியோ, வீதியினின்றும் நேரே உள்ளறைக்குத் திறக்கும் வாசலாயிருக்கிறது. முகமறியாதானொருவன் நள்ளிரவிலும் அதன் வழியே நம் மக்களோடு சம்பாஷிக்கலாம். ஆதலின், அவ்வாசலுக்குத் தாழிடும் வகையையும், தாழிட்டும் துன்பம் நேரின் செய்யத்தக்கதையும் ஆராயப் புகுகின்றோம்.

இன்ஸ்டாகிராம் முதலிய தளங்களில் கணக்கைப் பலரும் காணவொட்டாது வைத்து, நேரில் அறிந்தவரை மாத்திரம் சேர்த்தல் வேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் ஏற்படுத்தல் வேண்டும். செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை உற்ற சிநேகிதனுக்கும் உரைக்கலாகாது. அதனைப் பெற்றவன் கணக்கையே தன்வசமாக்கிக்கொள்ளக் கூடும். பள்ளிச் சீருடையும் வீட்டு வாசலும் தெரியும் படம், பிள்ளை இருக்குமிடத்தை அந்நியனுக்கு எழுதிக்கொடுத்தது போலாம். பரிசு பெற்ற குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் பெருமையுடன் அனுப்பும் பெற்றோரும் இதனைக் கவனிப்பாராக.

இவற்றினும் முக்கியமானதொன்று உண்டு. சிநேகம் போல் தொடங்கி, அந்தரங்கப் படமொன்றை வாங்கி, பின்பு பணம் தராவிடில் உறவினர்க்கெல்லாம் அனுப்புவேன் என மிரட்டுவது இக்காலக் கயவர் சிலரின் தொழில். மெய்ப்படம் கிடையாவிடினும், செயற்கை நுண்ணறிவினால் பொய்ப்படம் புனைவோரும் உளர். இத்தொழிலுக்கு மூலதனம் யாது? "அப்பா அறிந்தால் அடிப்பார், குலமானம் போய்விடும்" என்று பிள்ளை கொள்ளும் அச்சமேயாம். அவ்வச்சத்தை விதைத்தவர் அக்கயவரல்லர். நம் இல்லங்களில் விளைந்ததையே அவர்கள் அறுவடை செய்கின்றனர்.

சட்டம் பிள்ளையின் பக்கமே நிற்கின்றது. 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரையும் காக்கின்றது. விசேஷ நீதிமன்றத்தின் அனுமதியின்றி, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் முகவரியையும் பத்திரிகைகள் வெளியிடலாகாதென்றும் அது விதித்துள்ளது. மிரட்டுபவனுக்குப் பணம் தரலாகாது; தந்தால் மேலும் கேட்பான். அவன் அனுப்பிய செய்திகளை அழியாது காத்துக்கொண்டு, தொடர்பைத் துண்டித்து, சைபர் குற்ற உதவிக்குரிய 1930 எண்ணிலோ, சிறுவர்க்குரிய 1098 எண்ணிலோ தெரிவித்தல் வேண்டும். அமெரிக்காவில் சிறுவர் நலத்துக்குழைக்கும் மையமொன்று 2023-ல் "டேக் இட் டவுன்" என்னும் இலவச உதவியை ஏற்படுத்தியது. சிறுவயதில் எடுத்த அந்தரங்கப் படத்தை எவர்க்கும் அனுப்பாமலே, அதன் எண்வடிவ அடையாளத்தை மாத்திரம் கொண்டு, அதிற்சேர்ந்த தளங்கள் அப்படத்தைக் கண்டு நீக்க அது வழிசெய்கின்றது.

இவ்வுதவிகளெல்லாம் பிள்ளை வாய்திறந்த பின்னரே பயன்படும். ஆகவே பெற்றோர்களே! இன்றிரவே பிள்ளையை அருகழைத்து, "எது நேரினும் முதலில் எங்களிடம் சொல், அடிக்கவும் மாட்டோம், ஏசவும் மாட்டோம்" என்று வாக்களியுங்கள். இளைஞர்களே! அவ்வாக்கை நம்பி, காலம் தாழ்த்தாது சொல்லுங்கள். குலத்தின் மானம் குழந்தைகளைக் காப்பதிலேயே உள்ளதென்று கூறி அமைகின்றோம்.