உலை குளிர்ந்தால் தொழிலும் குளிரும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று உருக்கைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். கணக்காளருக்கும் வழக்கறிஞருக்கும் கமக்காரருக்கும் உருக்கோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். இம்மண்டபத்துக்கு வெளியே காலி வீதியின் இருமருங்கிலும் மாடிமேல் மாடி எழுந்து நிற்கின்றதே, அவற்றைத் தாங்குவது எது? சீமெந்துக்குள் மறைந்திருக்கும் கம்பியன்றோ! வயலை உழும் கொழு எது? மண்வெட்டி எது? அலவாங்கு எது? உருக்கின்றி உங்களுக்கு வீடும் இல்லை, விளைச்சலும் இல்லை.

அவ்வுருக்கு வார்க்கப்படுவதை அண்மையில் கொழும்பை அடுத்த ஓர் ஆலையிலே கண்டேன். அங்கே விறகும் இல்லை, கரியும் இல்லை. தீப்பிழம்பைத் தேடிச் சென்ற என் கண்ணுக்கு அகப்பட்டது ஒரு பெருங் கொப்பரையே. அதன் உட்சுவர் வெப்பம் தாங்கும் மண்ணால் பூசப்பட்டது. அதனைச் சுற்றிச் செப்புக் குழாய்ச் சுருள்; அச்சுருளுக்குள் இடையறாது ஓடுவது குளிர்நீர். சுருளில் மின்சாரம் பாயும்போது கொப்பரைக்குள் இருக்கும் இரும்பிலும் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. இரும்பு தன்னுள்ளே எழும் வெப்பத்தினாலேயே உருகுகின்றது. நீர் கொதிப்பது 100 பாகையில்; இரும்பு உருகுவது 1,538 பாகையில்; உருக்கை வார்ப்பதோ 1,600 பாகையளவில்.

உலைக்கு இடும் உணவு யாது? நாம் வேண்டாமென்று எறிந்த பழைய இரும்பு! உடைந்த வாளி, துருப்பிடித்த தகடு, ஓய்ந்துபோன இயந்திரம் யாவும் அங்கே வந்து குவிகின்றன. அக்குவியலைத் தொழிலாளர் கண்ணுங் கருத்துமாகத் தெரிந்தெடுக்கின்றனர். மூடிய தகரப் பேணியொன்று உள்ளே போய்விட்டால் அது வெடிக்கும். ஈரம் இருந்தாலும் ஆபத்தே. உருகிய உருக்கின் அடியில் அகப்பட்ட ஒரு கோப்பை நீர் நொடிப்பொழுதில் ஆயிரம் மடங்குக்கும் மேலாக விரிந்து ஆவியாகும். எதிரில் நிற்பவனின் உயிர், குவியலைத் தெரிந்தவனின் கவனத்தில் இருக்கின்றது.

உருகியதன்மேல் கசடு மிதக்கின்றது. நீண்ட கோலால் அதனை வழித்தெடுக்கின்றனர். பின்னர் ஒரு கரண்டி மொண்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றனர். கந்தகம் மிகுந்தால் உருக்கு காய்ச்சும்போது பிளக்கும். பொசுபரசு மிகுந்தால் குளிரில் நொறுங்கும். கரி மிகுந்தால் வளைக்கும்போது முறியும். கட்டடக் கம்பிக்கு வேண்டிய கரி நூற்றுக்குக் கால் பங்களவே. இக்கணக்குச் சரியென்று விடை வந்த பின்னரே உலை சாய்க்கப்படுகின்றது.

நண்பர்களே, அக்காட்சியை என்னென்பேன்! செந்நிறத்தை எதிர்பார்த்தேன், வந்ததோ கண் கூசும் வெண்மை. நீலக் கண்ணாடியின் ஊடாகவே அதனை நோக்க முடிந்தது. நீரைப்போலவே அது வழிந்தது. நீரால் குளிர்ந்த செப்பு அச்சுக்குள் விழுந்தவுடன் வெளித்தோல் இறுகியது. உள்ளே இன்னும் திரவமாய் இருந்தபடியே கீழிறங்கியது. பின்னர் முழுதும் இறுகிப் பாளமாக வெட்டப்பட்டது. அப்பாளமே மறுபடியும் காய்ச்சப்பட்டு, உருளைகளின் நடுவே புகுந்து, கம்பியாக நீள்கின்றது. ஆயினும் என்னை வியக்கவைத்தது அந்த ஒளி அன்று. அதன் முன்னே பதற்றமின்றி நின்ற மனிதரின் பழகிய கையே.

இக்கைத்திறன் இந்நாட்டுக்குப் புதியதா? இல்லை. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய சரிவுகளிலே துருத்தியின்றிப் பருவக்காற்றையே துணைக்கொண்டு இரும்புருக்கிய உலைகள் இருந்தன. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தவை. கில்லியன் ஜூலெப் என்னும் ஆய்வாளர் அத்தகைய உலையைத் தாமே கட்டி எரித்து, அதில் உயர்தர உருக்குப் பிறப்பதைக் கண்டு, 1996இல் உலகுக்கு அறிவித்தார். தமிழகத்துக் கொடுமணலிலும் பழைய உருக்குலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

அக்கலை எங்கே போயிற்று? கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர். பலாங்கொடைப் பக்கத்தில் எஞ்சியிருந்த உருக்குக் கொல்லரின் தொழிலை அவர் எழுதி வைத்தார். 1908இல் வெளிவந்த அவரது நூலில் அது உள்ளது. மலிந்த இறக்குமதி இரும்பு வந்தது. உலைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. தந்தையிடம் மகன் கற்பது நின்றது. பின்னர் சோவியத் நாட்டின் துணையோடு ஒருவலையில் அரசாங்க உருக்காலை எழுந்து 1967இல் இயங்கத் தொடங்கியது. சமனலவெவவுக்கு உருக்குச் செய்யக் கற்பிப்பார் அன்று தேவைப்படவில்லை. ஒருவலைக்கோ கடல் கடந்து ஆசிரியர் வரவேண்டியதாயிற்று!

நம்மவர்க்கு இதில் பாடம் உண்டு. உலையில் உருகியது உள்ளேயே உறைந்துவிட்டால் அதனை உடைத்தெடுப்பது பெரும்பாடு. தொழிலும் அவ்வாறே. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றது. அங்கே சூளையின் நிறம் பார்த்தே வெப்பத்தை மதிப்பிடக் கற்றவர்கள் இன்று முதியோர். பணம் இருந்தால் இயந்திரத்தை நாளையே வாங்கலாம். அந்தக் கண்ணை எந்தக் கடையில் வாங்குவீர்?

ஆதலால் மூன்று வேண்டுகோள். படித்த பெற்றோரே! மேசை உத்தியோகம் ஒன்றே மேன்மை என்ற எண்ணத்தை விடுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உலோகமும் பிற பொருள்களும் கற்பிக்கும் துறை உண்டு. அங்கே செல்ல விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். வீடு கட்டுவோரே! கம்பியின் விலையை மட்டும் கேளாது, அதன் பரிசோதனைச் சான்றையும் கேளுங்கள். கமக்காரரே! பழைய இரும்பை மண்ணில் புதையவிடாதீர். அதுவே இன்று நம் உலைகளின் சுரங்கம். உங்கள் ஊர்க் கொல்லன் பட்டறைக்கு வேலை கொடுங்கள். கொழுவைத் தோய்த்து உரமேற்றத் தெரிந்த கை அங்கேதான் இருக்கின்றது.

கையால் உழைப்பவனைத் தாழ்த்தி, அவன் செய்த பொருளை மட்டும் போற்றும் சமுதாயம் நெடுநாள் நிமிர்ந்து நில்லாது. அவிந்த உலையைக் காசு மூட்டும். அவிந்த தொழிலைக் கற்றவன் ஒருவனே மூட்ட வல்லவன். அந்தக் கற்றவன் நம் பிள்ளைகளுள் ஒருவனாக இருக்கட்டும்!